உப்பும் எண்ணெயும் பிரிந்த கரை

மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்துக்குள் சென்று, பிற்காலத்தார் எழுப்பிய முன்மண்டபத் தூண்களின் நிழலுக்குக் கண் பழகும்வரை சற்றே பொறுத்து நிற்பவருக்கு, கோவர்த்தனத்தைத் தாங்கி நிற்கும் கண்ணபிரானுக்கு அருகில், வானமே இடிந்து கொட்டுகிறது என்ற கவலை அணுவளவும் இல்லாதவனாய் ஒருவன் பசுவைக் கறந்துகொண்டிருப்பதும், அந்தப் பசு தன் கன்றை நாவால் நக்கியபடி பால் சுரந்து நிற்பதும் தெரியவரும். தலைச்சுமையும் கையில் உறியில் அடுக்கிய கலங்களுமாக ஆய்ச்சி ஒருத்தியும் அங்கே உண்டு. வெளியே வந்து குன்றின் வடபுறத்துக்குப் போனால், இந்த நிமிஷமே உருண்டுவிடும்போல் சரிவில் நிற்கும் பெரும்பாறைக்கும் ஜனங்கள் வெண்ணெய் உருண்டை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் உளி பிடித்த பல்லவச் சிற்பி, மலையைத் தூக்கும் தெய்வத்தின் பக்கத்தில் பாலுக்கும் பாற்கலத்துக்கும் இத்தனை இடம் கொடுத்தது, அந்தத் தொழிலில் அவன் கண்ட கௌரவத்துக்குச் சாட்சி என்பது என் அபிப்பிராயம்.

பாலிலிருந்து வெண்ணெயைப் பிரிப்பது எவ்வளவு நுட்பமான காரியம் என்பதை நான் என் பாட்டியின் கையில் கண்டவன். விடியுமுன் கூடத்துத் தூணில் மத்தைக் கயிற்றால் பிணைத்துத் தாழியின் முன் உட்கார்ந்துவிட்டால், அவள் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதே அதிகம். ஆரம்பத்தில் சளசளவென்று எழுகிற ஓசை மெல்ல மெல்லக் கனத்து, கயிற்றை இழுக்கும் கைக்குப் பாரம் தட்டுகிற ஒரு கணத்தில், பானையிலிருந்து ஒரு கை குளிர்ந்த நீரை அள்ளித் தாழிக்குள் விட்டு, இரண்டே இழுப்பு இழுத்து நிறுத்துவாள். அதுவரை வெறும் நுரையாயிருந்த மேற்பரப்பில் அரிசி நொய்போலத் துகள்கள் மிதக்கும். அவற்றை விரல்களால் ஒதுக்கி, உள்ளங்கையில் உருட்டி, நீரில் போடுவாள். மத்து எத்தனை சுற்றுச் சுற்றியும் ஒன்றோடொன்று சேராமல் அடம்பிடித்த அந்த நுண்துளிகள் எந்தக் கணத்தில், எதனால் மனம் மாறி ஒன்றாயின என்று அவளிடம் கேட்டால், பதம் வந்தால் திரளும் என்பதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.

பதம் என்று அவள் சொன்னதைப் பௌதிக சாஸ்திரம் வேறு வார்த்தையில் சொல்கிறது. பால் என்பது நீருக்குள் கொழுப்பு, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடித் துளிகளாகச் சிதறிக் கிடக்கும் ஒரு பால்மம். ஒவ்வொரு துளிக்கும் ஒரு மெல்லிய உறை உண்டு, இரண்டு துளிகள் நெருங்கும்போது அவற்றிடையே அகப்பட்ட நீர் ஒரு மென்படலமாக நின்று இரண்டையும் தடுக்கிறது. அந்தப் படலம் நிற்கும்வரை பால் பாலாகவே இருக்கும். அது வடிந்து, மெலிந்து, ஓரிடத்தில் கிழிந்துவிட்டால் இரண்டு துளி ஒரு துளியாகிவிடும். மத்தின் சுழற்சியும், அது தாழிக்குள் இழுத்துவிடும் காற்றுக் குமிழிகளும், கொழுப்பைப் பாதி இறுகவைக்கும் குளிர்ந்த நீரும் சேர்ந்து செய்வதெல்லாம் இந்தக் கிழித்தல் ஒன்றையே. படலத்தைக் கிழிக்கும் இந்தப் பழந்தொழில், மாமல்லபுரம் அடங்கிய அதே செங்கற்பட்டு மாவட்டத்தின் வடபகுதியில், 1969-ஆம் ஆண்டில், மத்தும் கயிறும் இல்லாமல் மின்புலத்தின் பலத்தால் நடைபெறத் தொடங்கியது என்பதையும், அதற்குக் காரணமாய் நின்றது இந்தக் கரை நெடுகக் காலங்காலமாய் விளைந்துவந்த உப்பென்னும் பொருளே என்பதையும் நம் ஜில்லாவின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் ஏனோ விட்டுவிடுகிறார்கள். அந்தக் குறையை இயன்றவரை போக்குவதே இக்கட்டுரையின் உத்தேசம்.

முதலில் உப்பைச் சொல்லவேண்டும். சென்னையிலிருந்து தெற்கே இறங்கிக் கேளம்பாக்கத்தையும் கோவளத்தையும் தாண்டிச் செய்யூர் வரையில் கடலை ஒட்டிக் கிடக்கும் கழிகளும் சதுப்புகளும் உப்பளத்துக்கு என்றே அமைந்தவைபோல் இருப்பவை. 1805-ல் கும்பினியார் சென்னை ராஜதானியில் உப்பைத் தங்கள் ஏகபோகமாக்கிக்கொண்ட பிறகு, இந்த அளங்களில் வாரிய ஒவ்வொரு கூடையும் சர்க்காரின் கணக்குக்கு வந்தது; பின்னர் 1870-களின் பெரும் பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டி, கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரால் வழங்கிய கால்வாயில், விறகுத் தோணிகளோடு உப்புத் தோணிகளும் வரிசையாகப் பட்டணத்துக்குப் போயின. பாத்தியில் தேங்கிய நீர் வெயிலில் சுண்டிப் பக்குவத்துக்கு வரும்போது அதன் மேற்பரப்பில் தகடு தகடாக ஒரு வெள்ளைப் படலம் படியும். உப்புப் பூக்கிறது என்பார்கள். அந்தப் பூவை நீண்ட கோலில் கோத்த பலகையால் தட்டி அமிழ்த்தினால்தான் கீழே மணி நன்றாகக் கட்டும். வெறுங்காலோடு பாத்தியில் நின்று, குதிகால் வெடிப்பில் உப்பு எரிய எரிய அந்தப் பலகையைத் தள்ளியவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் தள்ளிய உப்பின் எடை மட்டும் சர்க்கார் கணக்குகளில் நிற்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது.

இனி மணலியைச் சொல்லலாம். 1763-ல் ஆற்காட்டு நவாபு கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்த பிரதேசமே பிற்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லா. பட்டணத்தை மூன்று திக்கிலும் வளைத்துக்கொண்டு கிடந்த அதன் வடபகுதியில், எண்ணூர்க் கழிக்குச் சமீபத்தில் மணலி ஒரு கிராமம். இராம நாடகக் கீர்த்தனை பாடிய அருணாசலக் கவிராயரை ஆதரித்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரால் இசையுலகில் அதன் பெயர் நிலைபெற்றிருக்கிறது. 1965-ல் இந்திய சர்க்காரும், அமெரிக்காவின் அமோகோ கம்பெனியும், ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய மதராஸ் ரிபைனரீஸ் லிமிடெட், 27 மாதங்களில் 43 கோடி ரூபாய்ச் செலவில் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையை அங்கே எழுப்பி, 1969-ல் இயங்கவைத்தது. 1997-ல் பழைய செங்கற்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தபோது மணலி திருவள்ளூரோடு போய், பின்னர் சென்னைக்குள்ளும் சேர்ந்துவிட்டது; 2019 நவம்பரில் மறுபடி பிறந்த செங்கற்பட்டு மாவட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆனாலும் அந்த ஆலை எரியத் தொடங்கிய நாளில் அது செங்கற்பட்டு மண்ணே.

ஆலை என்றதும் எல்லோருக்கும் நினைவில் எழுவது வானளாவிய கோபுரங்களும் உச்சியில் இரவும் பகலும் எரியும் சுவாலையும்தான். கச்சா எண்ணெய் அந்தக் கோபுரத்துக்குள் போவதற்கு முன்னால் கடந்தாகவேண்டிய ஒரு வாசற்படி இருக்கிறது. படுத்துக் கிடக்கும் ஓர் இரும்புப் பீப்பாய், அதற்கு உப்பு நீக்கி என்று பெயர். பூமிக்கடியில் எண்ணெய் தனியே இருப்பதில்லை. புராதன சமுத்திரங்களின் எச்சமான உப்புநீரோடு சேர்ந்தே இருக்கிறது. கிணற்றிலிருந்து மேலேறும் வேகத்திலும், குழாய்களிலும் அடைப்பான்களிலும் படும் அலைக்கழிப்பிலும் அந்த நீர் சில மைக்ரான் அளவுள்ள நுண்துளிகளாகச் சிதறி எண்ணெய்க்குள் புகுந்துகொள்ளும். அப்படியே உலைக்கு அனுப்பினால், அந்த நீரிலுள்ள மக்னீஷியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் உஷ்ணத்தில் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி, ஆவியோடு கோபுரத்தின் உச்சிக்குப் போய் அங்கே குளிரும் ஈரத்தில் கரைந்து இரும்பை அரித்துவிடும். மீன்குழம்பு கொதிக்கும் வீட்டில் அரைக்கரண்டி குறைந்தால் முகம் சுளிக்கவைக்கும் அதே உப்பு, இங்கே கோடிக்கணக்கான ரூபாய் பெறுமான யந்திரத்தைச் சல்லடையாக்கிவிட வல்லது. கேளம்பாக்கத்தில் கூடையால் வாரிய பொருளை, அதே ஜில்லாவின் வடபகுதியில் துளித்துளியாய்த் தேடித் துரத்தவேண்டி வந்தது இவ்வாறுதான்.

அதை மத்தால் துரத்த முடியாது. கடையக் கடையத் துளிகள் இன்னும் நுண்ணியவாகச் சிதறுமேயன்றிச் சேரா. வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1879-ல் இங்கிலாந்தில் ராலே பிரபு என்ற பௌதிக அறிஞர், மேல்நோக்கிப் பீச்சும் சிறு நீரூற்றின் துளிகள் காற்றில் ஒன்றோடொன்று மோதி ரப்பர் பந்துகளைப்போல் துள்ளி விலகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேய்த்து மின்னேற்றிய அரக்குத் துண்டு ஒன்றைத் தூரத்தில் காட்டியவுடன் அதே துளிகள் துள்ளுவதை நிறுத்தி ஒன்றோடொன்று கூடி, இடிமழைத் துளிகளைப்போல் கனத்து விழுந்தன. அரக்கை மிக நெருக்கிப் பிடித்தால் மறுபடியும் சிதறின. பின்னர்ச் சார்லஸ் வெர்னன் பாய்ஸ், ஒன்றையொன்று அழுத்தியும் கூடாத இரண்டு சோப்புக் குமிழிகளை அதே அரக்கைக் காட்டி ஒன்றாக்கினார். வாசகர் இதன் ஒரு பகுதியைத் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்: வறண்ட நாளில் தலைவாரிய சீப்பைக் குழாயிலிருந்து நூலாக விழும் தண்ணீரின் பக்கத்தில் பிடித்தால், தொடாமலே தண்ணீர் சீப்பின் பக்கம் வளையும். அந்த வளைவைக் கண்ணால் கண்டவருக்கு மின்புலம் என்பது வெறும் ஏட்டுச் சொல்லாக இராது.

இந்த விளையாட்டைத் தொழிலாக்கியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த பிரெடெரிக் காட்ரெல். புகைபோக்கியின் புகையிலிருந்து அமிலப் பனியையும் தூசியையும் மின்சக்தியால் பிரித்தெடுக்கக் கற்றவர் அவர். அப்பிரதேசத்து எண்ணெய் வயல்களில் நீரோடு கலந்து, விற்கவும் எரிக்கவும் ஆகாமல் தேங்கிப்போன எண்ணெயைக் கண்டபோது, உயர் மின்னழுத்தத்தை அதிலும் பிரயோகித்துப் பார்த்தார். துளிகள் கூடின, நீர் கீழே இறங்கியது. 1911-ல் அவருக்கும் அவருடைய சகாக்களுக்கும் அதற்குரிய பேடண்டுகள் கிடைத்தன. மறு வருஷம் ஆராய்ச்சிகளுக்குப் பொருளுதவி செய்வதற்கென்று ஒரு ஸ்தாபனத்தை அமைத்து, புகை நீக்கும் பேடண்டுகளால் வரும் வருமானத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் அதற்கே அவர் அர்ப்பணித்துவிட்டார். அறிவுக்கு விலைபோட்டுக் குவித்தவர்கள் நிறைந்த அந்தத் தேசத்தில் இப்படியும் ஒருவர் இருந்தார் என்பதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

மின்புலம் படலத்தை எவ்வாறு கிழிக்கிறது? எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது, உப்புநீர் கடத்தும். ஆகவே இரண்டு மின்வாய்களுக்கு இடையே அகப்பட்ட ஒவ்வொரு நீர்த்துளியிலும் ஒரு முனை நேர் மின்னேற்றமும் மறுமுனை எதிர் மின்னேற்றமும் பெறுகின்றன. அடுத்தடுத்த துளிகளில் எதிரெதிர் முனைகள் ஒன்றையொன்று நோக்கி நிற்பதால் அவை இழுத்துக்கொள்கின்றன. மாறுதிசை மின்சாரத்தில் வினாடிக்கு நூறு தடவை திசை புரண்டாலும் எல்லாத் துளிகளும் ஒருசேரப் புரள்வதால் இழுப்பு இழுப்பாகவே இருக்கும். துளிகளின் தூரம் பாதியானால் இழுப்பு பதினாறு மடங்காகிறது. முடிவில் அவற்றின் நடுவே நசுங்கும் எண்ணெய்ப் படலம் தாங்காமல் ஓரிடத்தில் துளைபட, ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் இரண்டும் கலந்துவிடுகின்றன. பாலில் இந்த வித்தை பலிக்காது. அங்கே சூழ்ந்திருப்பது நீர், அது மின்புலத்தைத் தன்னுள் நிற்கவிடாது. பாலில் நீருக்குள் கொழுப்பு, கச்சாவில் எண்ணெய்க்குள் நீர். ஆகையால்தான் ஆய்ச்சிக்கு மத்தும் ஆலைக்கு மின்சாரமும் வாய்த்தன.

பலம் மிகுந்தாலும் ஆபத்து உண்டு. 1925-ல் சி. டி. ஆர். வில்சனும் ஜி. ஐ. டெய்லரும் மின்புலத்தில் வைத்த சோப்புக் குமிழி நீண்டு, கூம்பாகி, உச்சியில் பீறிட்டு உடைவதைக் கண்டார்கள். 1964-ல் டெய்லர் நீர்த்துளிக்கும் அந்த எல்லையைக் கணக்கிட்டார். அளவோடு பிடித்தால் சேர்க்கும், அளவு கடந்தால் சிதைக்கும் என்று ராலே தம் அரக்குத் துண்டில் கண்டதையே கணிதம் உறுதிசெய்தது.

பீப்பாயைச் சற்று அருகே சென்று பார்ப்போம். உச்சியில் மின்மாற்றிகள் அமர்ந்திருக்கும்; நம் வீட்டு 230 வோல்ட்டைப்போல் நூறு மடங்கு வரையில் அவை அழுத்தத்தை ஏற்றி, உள்ளே கிடைமட்டமாகத் தொங்கும் எஃகு அழிகளுக்குச் செலுத்தும். எண்ணெய் நூற்றுப்பத்து முதல் நூற்றைம்பது பாகை உஷ்ணத்தில், நீர் கொதித்துவிடாத அழுத்தத்தில், கீழிருந்து மெல்ல ஏறும். அதற்கு முன்பே நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் நல்ல நீரை அதனோடு சேர்த்து அடைப்பானில் கலக்கிவிடுவார்கள். நீரை அகற்ற நீரையே சேர்ப்பது முதலில் கேட்பவருக்கு விபரீதமாய்த் தோன்றும், நல்ல நீர் உப்பைக் கரைத்து நீர்க்கச் செய்வதோடு, துளிகளின் எண்ணிக்கையைப் பெருக்கி அவற்றை நெருங்கவும் வைக்கிறது, நெருங்கினால்தானே இழுப்பு! பாட்டி தாழியில் விட்ட ஒரு கை நீரின் காரணம் வேறு. ஆனாலும் இந்த வேலையை முதன்முதல் விவரமாய்க் கேட்டறிந்த அன்று எனக்கு அவள் கை நினைவுக்கு வந்தது.

பீப்பாயின் விளிம்பில் வெவ்வேறு உயரங்களில் சிறு குழாய்கள் இருக்கும். பணியிலிருப்பவர் ஒவ்வொன்றாய்த் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்ப்பார்: அடிக்குழாயில் நீர், மேற்குழாயில் கருநிற எண்ணெய், நடுவில் மட்டும் டிகாக்ஷனில் பால் விட்ட நிறத்தில், எண்ணெயும் ஆகாமல் நீரும் ஆகாமல், கொழகொழவென்று ஒரு வஸ்து. அதுதான் இந்தத் தொழிலின் சத்துரு. எண்ணெயிலுள்ள அஸ்பால்டீன் என்ற கனத்த மூலக்கூறுகள் துளியின்மேல் தோல்போல் படிந்து, எந்த மின்புலம் இழுத்தாலும் படலத்தைக் கிழியவிடாமல் காக்கின்றன. நுண்ணிய மண்ணும் துருவும் அதில் சேர்ந்துகொண்டால் கேட்கவேண்டியதில்லை. அந்த அடுக்கு தடித்து மேலேறி அழிகளைத் தொட்டால், துளிகள் சங்கிலியாய் வரிசை கட்டி மின்சாரத்துக்குப் பாதை போட்டுவிடும். அம்மீட்டரின் முள் ஏறும், அழுத்தம் விழும். படலம் இளகுவதற்கென்று சில ரசாயனங்களைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். எந்த எண்ணெய்க்கு எந்த மருந்து, எவ்வளவு என்பது இன்றைக்கும் பாதி சாஸ்திரம், பாதி கைப்பழக்கம். பதம் என்ற சொல்லை அங்கேயும் தாராளமாய் வழங்கலாம்.

இந்தத் தோல் எவ்வளவு பிடிவாதமானது என்பதைக் கரையோரத்து ஜனங்கள் 2017 ஜனவரி 28-ஆம் தேதிக்குப் பின் தம் கையாலேயே அறிந்தார்கள். எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய கனத்த எண்ணெய், அலைகள் கடைந்த கடைதலில் கடல்நீரை உள்வாங்கி, கூழாய்த் தடித்துக் கரையில் ஒதுங்கியது. யந்திரங்கள் அதை இழுக்கத் திணறியபோது மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவற்படையினரும் வாளி வாளியாக அள்ளினார்கள். எண்ணெயென்று எண்ணி அள்ளியதில் நீரும் பெரும் பங்கு. ஆனால் அந்த நீர் பிரிந்து வெளியேற மறுத்தது. கடலில் மின்புலம் வைக்க யாரால் ஆகும்? கையும் வாளியுமே மிஞ்சின.

படலத்தைப் பற்றிய ஆராய்ச்சி நம் நாட்டில் பல இடங்களில் நடந்துவருகிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் அசுதோஷ் சர்மாவும் அவருடைய மாணவர்களும், தட்டின்மேல் பரப்பிய மெல்லிய திரவப் படலம் மின்புலத்தின் இழுப்பில் நிலைகுலைந்து தூண் தூணாக எழுவதைக் கணக்கிட்டும் கண்டும் எழுதினார்கள், பம்பாய் ஐ.ஐ.டி.யில் எண்ணெய்க்குள் நீர்த்துளிகள் கூடுவதை ரோசிஷ் தாவோகர் போன்றோர் ஆராய்ந்தார்கள். ஆனால் எனக்கு மிகவும் உவப்பானது நம் கரையிலேயே, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டரில், டச்சுக்காரர் கோட்டை கட்டிய சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய கல்பாக்கத்தில் நடந்த வேலை. 1971-ல் அணு உலை ஆராய்ச்சிக்கென்று தொடங்கி, 1985-ல் இந்திரா காந்தியின் பெயர் பெற்ற அந்த மையத்தில், ஜான் பிலிப்பும் அவருடைய குழுவினரும், பிரான்சில் முதலில் உருவான ஒரு முறையைக் கைக்கொண்டு, இரண்டு துளிகளுக்கு நடுவேயுள்ள படலம் எவ்வளவு விசையைத் தாங்குகிறது என்பதை அளந்தார்கள். அவர்கள் கையாண்டது மின்புலத்தின் உடன்பிறப்பான காந்தப்புலம். துளிகள் காந்தத் திரவம் அடங்கிய எண்ணெய். சூழ்ந்திருப்பது நீர், பாலில் உள்ளதைப்போலவே.

சிறு கண்ணாடிக் கலத்தில் பழுப்பாய், கலங்கலாய் இருக்கும் அந்தப் பால்மத்தின் அருகே காந்தப்புலத்தை எழுப்பினால், துளிகள் மணிமாலைபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொள்கின்றன. மணிக்கும் மணிக்கும் நடுவே மீட்டரில் நூறுகோடியில் சில பத்துப் பங்குகளே தடித்த நீர்ப்படலம் நின்று அவற்றைத் தாங்குகிறது. அந்த இடைவெளிக்கு ஏற்ற நிறத்தை அந்த மாலை தன்மேல் விழும் வெள்ளொளியிலிருந்து பொறுக்கித் திருப்பி அனுப்புகிறது. புலத்தை மெல்லக் கூட்டக் கூட்டச் சிவப்பாயிருந்த கலம் மஞ்சளாகி, பச்சையாகி, நீலத்தை நோக்கி நகரும். படலம் மெலிந்துகொண்டே போகிறது, ஆயினும் கிழியவில்லை. புலத்தைக் குறைத்தால் பச்சை, மஞ்சள், மறுபடியும் சிவப்பு. துளிகள் விலகி, கலம் பழைய கலங்கலுக்குத் திரும்பிவிடும்.